நனையாத சுவரில் நனைந்த வரி

எங்கள் அண்ணியை வேலை இடத்தில் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டிடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைக்கிற வேலை. சுவரில் அவள் நகர்கிற விதத்தைப் பார்த்து யாரோ வைத்த பேர், நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகளை இப்படிச் சொல்கிறார்களே என்று என் அம்மாவுக்கு ஆரம்பத்தில் வருத்தம். அண்ணிக்கு வருத்தமே கிடையாது. "ஒட்டிக்கிட்டு நிக்கிறதுதானே அத்தை என் பொழப்பு, வேற என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டு அம்மாவின் வாயை அடைத்துவிட்டாள்.

நான் அவளுடைய நாத்தனார். எங்கள் இருவருக்கும் அவ்வளவாக ஆகாது. காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று தொடங்குகிற சண்டை, இரவு விளக்கை யார் அணைப்பது என்பதில் முடியும். நடுவில் மாட்டிக்கொண்ட என் அண்ணன் பேருந்து ஓட்டுநர். வீட்டை விட ரோடு நிம்மதி என்பார். நானும் அண்ணியும் மனம் ஒத்துச் செய்த காரியம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். ஒரு மனுஷனைப் பழி தீர்த்தோம்.

அண்ணியின் தம்பியும் கயிற்று வேலைதான் செய்தான். அவள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். சிரித்த முகம். மேலே தொங்கும்போது, உள்ளே அலுவலக மேஜையில் தலை கவிழ்ந்து தூங்குகிறவர்களைக் கண்ணாடியில் தட்டி எழுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் துடைத்துக்கொண்டிருப்பான். எனக்கும் அவனுக்கும் வீட்டில் ஒரு தடவை கல்யாணப் பேச்சு அடிபட்டது. அந்தரத்தில் தொங்குகிறவன் எனக்கு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவன் கொஞ்சமும் கோபப்படவில்லை. "தரையில நிக்கிறவன் கிடைச்சா சொல்லு, நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன்" என்றான்.

அந்த நாட்களில்தான் எங்கு பார்த்தாலும் பூச்சு வந்துகொண்டிருந்தது. நானோ பூச்சு. ஒரு மயிரிழையை நெடுக்கே ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு பொடித்துகள்களைத் திரவத்தில் கலந்து தெளிப்பது. குடையை மடக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பேருந்து இருக்கையில் குழந்தை பாலைக் கொட்டினால் உருண்டு ஓடிவிடும். பள்ளிக்கூடச் செருப்பில் சேறு ஒட்டாது. கொஞ்ச நாளில் கட்டிடக் கண்ணாடிக்கும் வந்தது. "மழை வந்தா கண்ணாடி தானே குளிச்சுக்குதாம். இனிமே அதுக்குத் தலை துவட்டி விடறதுக்கு மட்டும்தான் நாங்க" என்று அண்ணி சிரித்தாள். உள்ளுக்குள் பயம்தான். வேலை குறைந்துகொண்டே வந்தது.

பூச்சு செய்கிற கம்பெனியில் இரண்டு முக்கியமான சரக்கு. ஒன்று தண்ணீரைத் துரத்தும். இன்னொன்று தண்ணீரை இழுத்துப் பரப்பி, அழுக்கைக் கழுவிவிடும். தொழிலாளிகள் முதலாவதை விரட்டி என்றும் இரண்டாவதை இழுவி என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பூசியிருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகிக்குச் சொட்டு என்று பேர். நிறையப் பேர் அது சொட்டை என்பதிலிருந்து வந்தது என்று நினைத்து அவர் தலையைப் பார்த்து ஏமாந்துபோவார்கள், காடு மாதிரி முடி. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வெள்ளைச் சட்டை போட்டுப் போவார். பேசிக்கொண்டே மைக்கூட்டைத் திறந்து தன் சட்டைக் கைமேல் ஒரு சொட்டு விடுவார். நீல மை முத்துபோல உருண்டு கீழே விழும், சட்டை வெள்ளையாகவே இருக்கும். கூட்டம் கை தட்டும். "எதிர்காலத்தில் எதுவும் எதன் மேலும் ஒட்டாது" என்பார். அவர் விஷயத்தில் அது ரொம்பச் சரி. எந்தப் பழியும் அவர் மேல் ஒட்டியதில்லை.

தம்பிக்கு அடிபட்ட நாளில் அண்ணியும் அதே கோபுரத்தில்தான் இருந்தாள், கிழக்குப் பக்கச் சுவரில். தம்பி தெற்குப் பக்கம். மொட்டை மாடியைச் சுற்றி ஓடுகிற இரும்புக் கம்பியில்தான் கயிற்றைப் பிடி போட்டு இறுக்குவார்கள். ஆளுக்கு இரண்டு கயிறு, ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றது தாங்க. கிழக்கே கம்பி மட்டமாக இருக்கும். தெற்கே மூலையை நோக்கிச் சரிந்து இறங்கும். சரிவாக இருந்தாலும் இறுக்கிய பிடி நகராது, எத்தனையோ தடவை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நகர்ந்தது. இரண்டு பிடிகளும் சேர்ந்து கம்பியோடு வழுக்கி மூலைக்கு ஓடின. கயிற்றில் இருந்த தம்பி ஊஞ்சல்போல வீசப்பட்டு, மூலையில் நீட்டிக்கொண்டிருந்த பெயர்ப் பலகையின் இரும்புச் சட்டத்தில் முதுகு அடிக்க மோதினான்.

கீழே விழவில்லை. அப்படியே தொங்கினான். அண்ணிதான் மேலே ஏறி, அந்தப் பக்கம் போய், அவனை இறக்கினாள். அப்போது அந்தக் கம்பியைப் பிடித்தாள். கை நிற்கவில்லை. காலைப் பனி கம்பியின் மேல் ஈரமாகப் படியாமல், குட்டிக் குட்டி மணிகளாக நின்றது. விரல் பட்டதும் உருண்டு ஓடியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் பூச்சுக் கம்பெனிக்காரர்கள் மாடிக்கு இலவச மாதிரியாகப் பூச்சு அடித்திருக்கிறார்கள். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று கம்பியிலும் விரட்டியைத் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கயிற்றுக்காரர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு அட்டைகூடத் தொங்கவிடவில்லை.

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

சொட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட ஒரு வக்கீல். நானும் அங்கே இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "பாருப்பா, பிடியைச் சரியா இறுக்கியிருக்க மாட்ட. மனுஷன்னா மறதி வரும். அதை ஒத்துக்கிட்டா உனக்கு நல்லது" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. தம்பி மருந்து மயக்கத்திலும் இல்லை என்று தலையை ஆட்டினான். "பிடி நழுவலை சார். கம்பிதான் நழுவுச்சு." சொட்டு வக்கீலைப் பார்த்துப் புன்னகை செய்தார். போகும்போது, மூலையில் முகக்கவசம் போட்டு நின்றிருந்த அண்ணியிடம் குடித்து முடித்த காபிக் கோப்பையை நீட்டினார். வார்டைக் கூட்டுகிற பெண் என்று நினைத்திருக்கிறார். அண்ணி வாங்கிக்கொண்டாள். கோப்பை அவள் கையில் நசுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அண்ணி போய்ச் சொல்லாத இடம் இல்லை. அதற்குள் கோபுரத்தில் கம்பியையே கழற்றிப் புதுசு போட்டுவிட்டார்கள். எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள், அவள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. வேலை எடுத்துச் செய்த காண்ட்ராக்டர், பிடியைப் பையன்தான் இறுக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கடையை மூடினார். விஷயம் முடிந்தது.

அண்ணிக்கு முடியவில்லை. தம்பியை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். முன்னறையில் கட்டில் போட்டோம். அவனைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் அண்ணி பல்லைக் கடிப்பாள். துணி துவைக்கும்போது துணி என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றும். ஒரு நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே, "அந்தாளு தினமும் தூங்கறான்ல? நல்லாத் தூங்கறான்ல?" என்றாள். என் அண்ணன் மெதுவாக, "விடும்மா, அவங்க கிட்ட நாம மோத முடியுமா" என்றார். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "மோதறதுக்கு நான் என்ன பஸ்ஸா? நான் பல்லி. ஒட்டிக்கிட்டே போவேன்."

சொன்னபடி செய்தாள். துடைக்கிற வேலை ஒழிந்துபோனதால் பூச்சுக் கம்பெனி கயிற்றுக்காரர்களையே பூச்சு அடிக்க எடுத்துக்கொண்டிருந்தது. அண்ணி போய்ச் சேர்ந்தாள். காண்ட்ராக்டரின் பேர் அவர்களுக்குத் தெரியும், அவரிடம் கயிற்றில் தொங்கியவர்களின் பேர் தெரியாது. சொட்டு அவளைப் பலமுறை கடந்து போனார். ஒரு தடவைகூட நின்று முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "ஒரே ஒரு தடவை, நீ யாருன்னு கேட்டிருந்தான்னா, நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்று பின்னால் சொன்னாள். பொய். யோசித்திருக்கவே மாட்டாள்.

வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டாள். பூசுகிற இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு தூரத்தில் ஸ்ப்ரே கன்னைப் பிடிப்பது, எவ்வளவு நேரம் காய விடுவது, எல்லாம். அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு இளம் வேதியியல் பெண் இருந்தாள். தொழிலாளிகளுக்குப் பாடம் எடுப்பது அவள்தான், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். இழுவி பூசிய இடத்தில் ஒரு பூச்சு விரட்டி பிடிக்கவே பிடிக்காது, பல பூச்சு அடித்தாலும் இரண்டு மழையில் உரிந்துவிடும், அதனால் இரண்டையும் கலந்து அடித்துவிடாதீர்கள் என்று எச்சரித்தாள். எல்லோரும் கொட்டாவி விட்டபோது அண்ணி மட்டும் மறுபடி கேட்டாளாம். "அப்போ இழுவியை எடுக்கவே முடியாதா?" "சிமெண்டுக்குள்ள இறங்கிடும்க்கா. சுவரைத் தேய்ச்சு எடுத்தாதான் உண்டு."

வீட்டுக்கு வந்ததும் நேரே என் முன்னால் வந்து நின்றாள். நான் ஒரு ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டுகிறவள். கடைப் பெயர்ப் பலகை, வண்டி நம்பர், அலுவலகக் கதவில் ஒட்டுகிற பெயர், எல்லாம் மெஷினில் வெட்டிக் கொடுப்பேன்.

"எவ்வளவு பெரிய எழுத்து வெட்ட முடியும் உன்னால?"

"எவ்வளவு பெருசு வேணும்?"

"ஆள் உயரம்."

துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கலாம் என்றேன். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள்.

கம்பெனி ஊருக்கு நடுவில் புதிதாக ஒரு காட்சிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய சுவர். வர்ணம் கிடையாது, வெறும் சாம்பல் நிற சிமெண்டு. முழுச்சுவரிலும் விரட்டி அடிக்க வேண்டும். திறப்பு நாளில் உச்சியிலிருந்து குழாய் வழியாகச் செயற்கை மழை கொட்டுவார்கள். விருந்தாளிகள் கண்ணெதிரே அவ்வளவு தண்ணீரும் உருண்டு ஓட, சுவர் காய்ந்தே இருக்கும். நனையாத சுவர் என்று விளம்பரம். நடுப்பகுதி அண்ணியின் கயிற்றுக்கு வந்திருந்தது. விரட்டி அடிக்கும் முன்னால், எழுத்து வடிவத்தில் ஓட்டை வெட்டிய ஸ்டிக்கரை அச்சாக வைத்து இழுவியால் எழுதிவிட்டால் போதும். காய்ந்த சுவரில் யாருக்கும் எதுவும் தெரியாது. தண்ணீர் பட்டால் சுவர் வெளுத்தே நிற்கும், எழுத்து மட்டும் தண்ணீரைக் குடித்துக் கறுத்துவிடும்.

 வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணியைக் கட்டிப்பிடித்தேன்.

என்ன எழுதுவது என்பதில் மறுபடி சண்டை. அண்ணி சொன்ன வாக்கியங்களை இங்கே எழுத முடியாது. சொட்டின் அம்மா, அப்பா, பிறக்கப் போகிற பேரன் வரை எல்லோரும் வந்தார்கள். "அண்ணி, ஒவ்வொரு புள்ளியும் நான் தனியா வெட்டணும். கொஞ்சம் கம்மியாத் திட்டுங்க" என்றேன். முன்னறையிலிருந்து தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை மறந்துவிட்டோம்.

"திட்டாத அக்கா" என்றான்.

"ஏன்டா, பாவமா இருக்கா உனக்கு?"

"திட்டினா நம்மளப் பைத்தியம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நடந்ததை எழுது. அதைத்தான் அவங்களால தாங்க முடியாது."

அவன் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். *கம்பியிலும் பூசினீர்கள். எங்களிடம் சொல்லவில்லை.* அவ்வளவுதான்.

அச்சுகளைச் சுருட்டி அண்ணி தன் வாளிக்குள் வைத்துக் கொண்டுபோனாள். பக்கத்துக் கயிற்றில் ஒரு வயசான மேஸ்திரி. முதல் எழுத்தை அவள் சுவரில் ஒட்டியபோதே பார்த்துவிட்டார். என்னம்மா அது என்றார். ஓரம் கட்டறதுக்கு என்றாள். நடுச்சுவரில் என்ன ஓரம் என்று அவர் கேட்கவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்குத் தூரப் பார்வை சரியில்லை. நீ உன் வேலையைப் பாரு" என்றார். அவருக்கும் அந்தக் கோபுரத்தில் வேலை செய்த ஆட்களைத் தெரியும்போல.

இழுவி காய்ந்தது. அச்சுகளை உரித்தாள். மேலே விரட்டியை ஒழுங்காக, சொன்ன தூரத்தில் பிடித்து ஒரு பூச்சு அடித்தாள். ஆய்வுக்கூடப் பெண், சுவர் முழுக்க ஒருமுறை தண்ணீர் அடித்துச் சோதித்துவிடலாம் என்றாள். சொட்டு விடவில்லை. "முதல் மழை விருந்தாளிகளுக்குத்தான். அதுக்கு முன்னாடி ஒரு துளி படக்கூடாது." அவருடைய இந்த ஆசைதான் எங்களைக் காப்பாற்றியது. வானமும் எங்கள் பக்கம் இருந்தது, மேகமே இல்லை.

திறப்பு நாளுக்கு நானும் போயிருந்தேன். உள்ளே அறைக் கதவுகளுக்கு ஸ்டிக்கர் எங்கள் கடைதான், அதனால் அழைப்பு. கூடத்துக்குள் எதிர்காலத்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். கீறினால் தானே ஆறிக்கொள்கிற மேஜைப் பலகை. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத, ஆனால் காரைத் தாங்குகிற பாளம். சீழ் பிடித்தால் நிறம் மாறுகிற கட்டுத்துணி. பொய் சொல்லக்கூடாது, எல்லாமே அழகாகத்தான் இருந்தது. அந்தக் கட்டுத்துணியைத் தம்பியின் படுக்கைப் புண்ணுக்கு வாங்கிப்போகலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததும் என் மேலேயே கோபம் வந்தது.

வெளியே சுவருக்கு முன்னால் நாற்காலிகள். வெள்ளைச் சட்டையில் சொட்டு. மை விட்டார், உருண்டது, கை தட்டினார்கள். தொழிலாளிகள் பின்வரிசையில் நின்றார்கள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொட்டு கையை உயர்த்தினார். "மழை!" என்றார்.

தண்ணீர் கொட்டியது. சுவரின் மேல் மணி மணியாக உருண்டு விழுந்தது, வெயிலில் பளபளத்தது. கூட்டம் ஆ என்றது. சொட்டு சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல எழுத்து கறுத்தது. முதலில் யாரோ, "ஏதோ வாசகம் வருது, நல்ல யோசனை" என்றார்கள். ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தது. "கம்பியிலும்... பூசினீர்கள். எங்களிடம்... சொல்லவில்லை." சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு பெரிய மனுஷி கேட்டார், "எந்தக் கம்பி?"

சொட்டு அப்போதுதான் திரும்பினார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்க்கவேயில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பசித்தவள் சாப்பாட்டைப் பார்க்கிறதுபோல. தண்ணீரை நிறுத்து என்று அவர் கத்தினார். நிறுத்தினார்கள். நனைந்த எழுத்து உடனே காயுமா? விருந்தாளிகள் எழுந்து போகிற வரைக்கும் அது நின்று பேசிக்கொண்டேயிருந்தது.

மறுநாளே மேலே விரட்டியைப் பல பூச்சு அடித்தார்கள். வேறு ஆட்கள். இரண்டு நிஜ மழை வந்தது, உரிந்தது, எழுத்து திரும்பி வந்தது. அதற்குள் ஊருக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. வானம் இருட்டினால் போதும், ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே போய் நிற்பார்கள். என் அண்ணன் தன் பேருந்தை அந்த நிறுத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எந்தக் கம்பி, எந்தக் கம்பி என்ற கேள்வி டீக்கடை வரை போனது.

நடுப்பகுதி யாருடைய கயிறு என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? அண்ணியை வேலையை விட்டு நீக்கி, அவள் மேல் வழக்கும் போட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் சொட்டே வீட்டுக்கு வந்துவிட்டார், தனியாக. எங்கள் முன்னறையில் கட்டிலும் சக்கர நாற்காலியும் போக மிச்சமிருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அண்ணியை நேருக்கு நேர் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கோப்பையை வாங்கிக்கொண்ட பெண் என்று அப்போதும் தெரியவில்லை.

"நான் கோபமா வரலைம்மா" என்றார். "எங்க கம்பெனியில மருத்துவப் பிரிவு இருக்கு. அறுந்த நரம்பு மறுபடி வளர்றதுக்கு ஒரு வலை பண்றோம். சிலந்தி நூலை விட மெல்லிசு. முதுகுத்தண்டுல வெச்சா நரம்பு அதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். சோதனைக்கு ஆள் எடுக்கறாங்க. உங்க தம்பியை நான் சேர்த்துவிடறேன். வெளிநாட்டுக்காரங்க எங்க பூச்சை வாங்கறதுக்கு வர்றாங்க, அதுக்குள்ள எனக்குச் சுவர் சுத்தமாகணும். நீ அதுல என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்லு."

அண்ணி ஆடிப்போய்விட்டாள். அவ்வளவு நாள் உரமேறியிருந்த முகம் அப்படியே இளகியது. தம்பி நடப்பான் என்றால் அவள் அந்தச் சுவரை நாக்கால்கூட நக்கி எடுத்திருப்பாள். "நிஜமாவா சார்?" என்றாள். அவள் அவரை சார் என்றதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது.

தம்பிதான் பேசினான். "நான் எதுலயாவது கையெழுத்துப் போடணுமா சார்?"

"அது சும்மா. அன்னைக்கு நடந்தது உன் கவனக்குறைவுன்னு ஒரு வரி. சம்பிரதாயம்."

தம்பி கொஞ்ச நேரம் அவர் சட்டையையே பார்த்தான். "நடக்கணும்னு எனக்கு ஆசைதான் சார். சொப்பனத்துல தினமும் நடக்கறேன். ஆனா கம்பியில என்ன பூசினீங்கன்னு நீங்க சொல்லலை. நாளைக்கு என் முதுகுக்குள்ள என்ன வெச்சீங்கன்னு யார் சொல்லுவா?"

சொட்டு வாட்சைப் பார்த்தார். "உணர்ச்சிவசப்படாதப்பா. யோசி."

"யோசிச்சிட்டேன். எந்திரிங்க."

அப்போது அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இளகினது மறுபடி இறுகியது, ஆனால் வேறு மாதிரி.  

"அவன் கிடக்கறான் சார், சின்னப் பையன்" என்றாள் பணிவாக. "நான் சொல்றேன். எழுதினது இழுவியில. மேல எதைப் பூசினாலும் நிக்காது. எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சு எடுத்துடுங்க. சுத்தமாப் போயிடும்."

அவர் முகம் மலர்ந்தது. நன்றிகூடச் சொன்னார். படியிறங்கும் வரை அண்ணி வாசலில் நின்று வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் நான் அவள் மேல் பாய்ந்தேன். "ஏன் சொன்னீங்க? எல்லாம் போச்சே!"

"பொய் சொன்னேனா? இழுவி போயிடும்தான்." அவள் சிரித்தாள். "சுவரும் சேர்ந்து போகும்ல?"

ஆய்வுக்கூடப் பெண் தடுத்திருக்கிறாள். தேய்ப்பதானால் சுவர் முழுவதையும் சமமாகத் தேய்க்க வேண்டும், எழுத்தை மட்டும் தேய்க்காதீர்கள் என்று மன்றாடியிருக்கிறாள். முழுச்சுவருக்கு அவகாசம் இல்லை என்று சொட்டு அவளை எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பிவிட்டார். கிரைண்டர் எழுத்தின் மேலேயே, எழுத்தின் வடிவத்திலேயே ஓடியது. மேல்தோல் போய் உள்ளே இருந்த ஜல்லி வெளியே தெரிந்தது. வழவழப்பான சாம்பல் சுவரில் பள்ளமாக, சொரசொரப்பாக, ஆள் உயரக் கொட்டை எழுத்தில் கல்வெட்டுபோல நின்றது அந்த வாக்கியம். இப்போது அதைப் படிக்க மழையே வேண்டாம். வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கோபுரத்தில் அப்போது காவலுக்கு இருந்தவர், அந்த வாக்கியத்தைப் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறார். மனசு கேட்காமல் எங்களைத் தேடி வந்தார். பூச்சுக்காரர்கள் கம்பியில் தெளித்ததையும், விபத்துக்குப் பிறகு அவசர அவசரமாகக் கம்பியைக் கழற்றியதையும் கண்ணால் பார்த்தவர். அவரை வைத்து விபத்தை மறுபடி விசாரிக்கச் செய்தோம், விசாரணையில் அதையே சொன்னார். ஆய்வுக்கூடப் பெண்ணும் வந்து, கம்பியில் பூசக்கூடாது என்று தான் முன்பே சொன்னதைச் சொன்னாள். கம்பெனி தவறை ஒத்துக்கொண்டது. சொட்டை வெளியே அனுப்பியது. அண்ணி மேல் போட்ட வழக்கைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. வழக்கு நடந்தால் நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்தைத் தினமும் உரக்கப் படிப்பார்களே என்ற பயம். கைப்பிடி, ஏணி, கயிறு கட்டுகிற கம்பி, இவற்றில் நிறம் சேர்க்காத பூச்சு எதுவும் தெளிக்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. இப்போது மாடிகளில் ஆரஞ்சு நிறக் கம்பி பார்க்கலாம்.

தம்பி அரசாங்க ஆஸ்பத்திரியில் வேறொரு நரம்பு வலைச் சோதனையில் சேர்ந்தான். அங்கே டாக்டர் ஒருத்தர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வலை எதனால் ஆனது, உடம்பில் எவ்வளவு நாள் இருக்கும், என்ன கெடுதல் வரலாம், எதெல்லாம் அவருக்கே தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் தம்பி சரி என்றான். இடது பாதத்தில் சூடு தெரிகிறது. பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறான். நடப்பானா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அவனும் கேட்பதை நிறுத்திவிட்டு, ஸ்டிக்கர் கடையில் என்னோடு எழுத்து வெட்டுகிறான். என்னை விடச் சுத்தமாக வெட்டுகிறான் என்று முதலாளி சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி பாலங்களுக்கு வர்ணம் அடிக்கிற வேலைக்குப் போகிறாள். ஆறிவிட்டாளா என்றால், இல்லை. சொட்டு ஊர் மாறி, இப்போது செருப்புப் பூச்சுக் கம்பெனி ஒன்றுக்கு ஆலோசகராம். டிவியில் எப்போதாவது வருவார். அவர் வந்தால் நாங்கள் சேனலை மாற்றப் போவோம். அண்ணி ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வாள். கடைசிவரை பார்ப்பாள்.

போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், "இன்னுமா அண்ணி? அந்தாளை மன்னிச்சுட்டுப் போங்களேன்."

"அவன் கேட்டானா?" என்றாள்.

 அவர் கேட்கவில்லைதான். தம்பி, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னான். அண்ணி குறைத்தாள், அணைக்கவில்லை.